பளபள தரையும் வாடகை ஷூவும்

கன்டெய்னர் லாரி ஓட்டறவன் கால்ல எதையும் மாட்டிகினு ஓட்ட மாட்டான். கேபின் எங்களுக்கு வூடு மாதிரி. சாமி படம் மாட்டி, ஊதுபத்தி கொளுத்தி, தலவாணி போட்டு வெச்சிகீற எடத்துல எவனாச்சும் ஷூவோட ஏறுவானா? வெறுங்கால்ல கிளட்ச்ச மிதிச்சாத்தான் வண்டி இன்னா சொல்லுதுன்னு பாதத்துக்குப் புரியும். இத்த எதுக்கு மொதல்லயே சொல்றேன்னா, அப்பால நான் பண்ண கூத்தப் படிச்சிட்டு "இவன் இன்னா லூசா?"ன்னு யாரும் கேக்கக் கூடாது. லூசு இல்ல. பயக்கம்.

நமக்கு ஏரியா திருவொத்தியூர். எட்டாங்கிளாஸ்லயே பள்ளிக்கூடமும் நானும் சண்ட சச்சரவு இல்லாம பிரிஞ்சிட்டோம். அப்பால ஆறு வருஷம் டிரெய்லர்ல கிளீனர். கண்ணாடி தொடச்சி, டயர தட்டிப் பாத்து, ரிவர்ஸ் எடுக்கறப்போ "வரலாம் வரலாம்"னு கத்தி, டிரைவருங்க காதுல ரத்தம் வர்ற வரிக்கும் கலாய்ச்சி, ஒரு வயியா லைசென்ஸ் வாங்கினேன். மொதலாளிக்கு பெரம்பூர்ல ஆபீஸ். ஒரு நாளு என்னியக் கூப்புட்டு சாவிய கையில வெச்சாரு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பேக்டரில பொட்டிய ஏத்திகினு, ராயபுரத்தாண்ட ஹார்பர் கேட்டுக்குள்ள போகணும். கூட ஆளு கிடையாது. நானே ராஜா, நானே மந்திரி.

"நாலு மணிக்கு மேல அந்தக் கப்பலுக்கு பொட்டி வாங்க மாட்டான்," அப்டின்னாரு. "நாலு அஞ்சுக்கு போய் நின்னீனா கப்பல் உனிக்கு டாட்டா காட்டும். நானும் காட்டுவேன். சாவிய குடுத்துட்டு மறுபடியும் துணிய எடுத்துகினு கண்ணாடி தொடப்ப. புரிஞ்சிதா?"

புரிஞ்சிது. ஆறு வருஷம் பக்கத்து சீட்டுல குந்தி குந்தி தேஞ்சவனுக்கு அது புரியாதா?

விடியகாலம் லோடு ஏத்திகினு கெளம்பிட்டேன். வயில டீ குடிக்கணும். எப்பவும் நிறுத்தற பொட்டிக்கட ரோடு அகலம் பண்றப்போ காணாம போச்சு. அந்த எடத்துல புச்சா ஒரு கட. பேரு வாணாம். ஊருக்கு ஊரு கீற கடதான். எங்க போனாலும் அதே போர்டு, அதே லைட்டு, அதே சிரிப்பு. ஓசூர்ல பாத்தாலும் ஒண்ணுதான், ஒங்கோல்ல பாத்தாலும் ஒண்ணுதான். இம்மாந்தூரம் வண்டிய ஓட்டிகினு வந்து, கெளம்புன எடத்துலயே எறங்குனா மாதிரி இருக்கும்.

கிட்ட போனேன். கதவு தானாத் தொறந்துச்சு. கீழ பாத்தேன். தரைன்னா தரை, எங்க வூட்ல சோறு துன்ற தட்டு கூட அப்டி இருக்காது. என் மூஞ்சி தெரியுது. தாடி சரியா எடுக்கலன்னு தரையப் பாத்துதான் தெரிஞ்சிகினேன். கால்ல பாத்தா ஹார்பர் ஷூ, ஒரு கிலோ மண்ணு. கேட்டுக்குள்ள போறதுக்கு முன்னால இரும்பு வெச்ச ஷூ போட்டே ஆகணும், அதனால கொண்டாந்தது, எறங்கறப்போ மாட்டறதுக்கு வேற செருப்பு இல்ல. மனசு கேக்கல. கதவாண்ட ஓரமா, ஜோடியா, மரியாதையா கயட்டி வுட்டுட்டு உள்ள போனேன்.

உள்ள ஒரு பொண்ணு, மிஷினப் பாத்துகினே, "வெல்கம் சார்." என்னியச் சொல்லுதா மிஷினச் சொல்லுதான்னு தெரியல.

"ஒரு டீம்மா."

"ரெகுலரா லார்ஜா சார்?"

"டீயா இருந்தா போதும்."

"போன் நம்பர் சொல்லுங்க சார்."

"இன்னாத்துக்கு?"

"பாயிண்ட் ஏறும் சார்."

"டீ குடிச்சா பாயிண்டா? கெலிச்சா கப்பு தருவீங்களா?"

சிரிக்கல. நானும் எம்மாம் ஜோக்கு வுட்டுப் பாத்துட்டேன், அந்தப் பொண்ணுக்கு சிரிக்கறதுக்கு மேலிடத்துல பர்மிஷன் இல்ல போல. நம்பரச் சொன்னேன், பில்லு கையில வந்துச்சு, டீ வந்துச்சு, "தேங்க் யூ சார், மறுபடியும் வாங்க"ன்னு மறுபடியும் மிஷினுக்கே சொல்லிச்சு. வந்த கதவாண்ட போனா செக்யூரிட்டி கைய நீட்றாரு: "எக்சிட் அந்தப் பக்கம் சார்." உள்ள வர்ற கதவு வேற, வெளிய போற கதவு வேற. அந்தப் பக்கமா வந்தா நேரா என் வண்டி நிக்குது. ஏறுனேன், ஸ்டார்ட் பண்ணேன், கெளம்பிட்டேன்.

வெறுங்கால்ல. ஜோரா.

மூணு மணி நேரம் எனிக்கு ஒண்ணும் தெரியல. எப்பிடித் தெரியும்? எப்பவும் வெறுங்கால்தான! மீஞ்சூர் தாண்டி, மணலி நியூ டவுன் தாண்டி, பாட்டு கேட்டுகினு, ஆட்டோக்காரனப் பாத்து "நைனா, வூட்ல சொல்ட்டு வந்தியா?"ன்னு கலாய்ச்சிகினு, எர்ணாவூராண்ட வரிசையில வந்து சேந்தேன். ஹார்பர் வரிசைய பாக்காதவங்களுக்கு சொல்றேன்: ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் கம்பெனி சுவரு, நடுவுல கண்ணு போற தூரம் வரிக்கும் டிரெய்லரு. மொத வண்டி கேட்ல கீது, கடேசி வண்டி எண்ணூர்ல கீது. அரமணிக்கு ஒரு வாட்டி அல்லாரும் ஒரு வண்டி நீளம் நவுருவோம். பயணம்னா அதான் பயணம். ஆமைக்கு ஹார்ன் வெச்சா மாதிரி.

பதினோரு மணிக்கு ஒண்ணுக்குப் போலாம்னு எறங்குனேன். தாரு ரோடு. காலு சுட்டுச்சு பாரு! அப்பதான் குனிஞ்சி பாத்தேன். சீட்டுக்கு அடியில தேடுனேன். படிக்கட்டுல தேடுனேன். தலவாணிய கூட ஒதறிப் பாத்தேன். அப்பால மெதுவா கண்ணு முன்னால வந்துச்சு: கண்ணாடிக் கதவு, ஓரமா, ஜோடியா, மரியாதையா.

பில்லுல ஒரு நம்பர் இருந்துச்சு. போட்டேன். தமிழுக்கு ஒண்ண அமுக்குன்னான், அமுக்குனேன். பாட்டு போட்டான், கேட்டேன். ஒரு வண்டி நீளம் நவுந்து முடிச்சப்போ ஒரு அம்மா வந்தாங்க.

"வணக்கம் சார், எந்தக் கிளை சார்?"

"வயில கீதும்மா. வெளிய ஒரு ஜோடி ஷூ இருக்கும், அதான் அடையாளம்."

"அந்த ஷூ எங்ககிட்ட வாங்கினதா சார்?"

"இல்லம்மா, நான் போட்டுகினு வந்தது."

"எங்ககிட்ட வாங்காத பொருளுக்கு புகார் பதிவு பண்ண முடியாது சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேற இன்னா உதவி? காலுக்கு ஊதி வுடுவாங்களா? வெச்சதும் ஒரு மெசேஜ் வந்துச்சு. எங்க சேவைக்கு எத்தினி ஸ்டாருன்னு கேட்டான். 

எனிக்குப் பின்னால தூத்துக்குடி அண்ணாச்சி ஒருத்தர் நின்னாரு. மீச பெருசு, மனசு அத வுட பெருசு, வாய் மட்டும் ஊருக்கே கேக்கும். வெவரம் சொன்னேன். வவுத்தப் புடிச்சிகினு சிரிச்சாரு.

"ஏலே, கடைக்குள்ள போறதுக்கு செருப்ப கழட்டுனியா? கோயிலுன்னு நெனச்சியாலே?"

"நீயே சொல்லு அண்ணாச்சி, திருவொத்தியூர் பஜார்ல போயி ஒண்ணு வாங்கியாந்துடவா?"

"போ. நீ வர்றதுக்குள்ள மூணு வண்டி உம் முன்னால பூந்துரும். நாலு மணிக்குள்ள உள்ள போவணும்னு சொன்னேல்லா?"

அது உண்ம. வரிசையில ஒரு சட்டம் கீது: முன் வண்டி நவுந்து, ஒரு பீடி பத்த வெக்கற நேரத்துல நீ நவுரலன்னா, பக்கத்துல வர்றவன் மூக்க நொயச்சிடுவான். ஆளில்லாத வண்டி அங்க வண்டியே இல்ல. செவுரு.

"அந்தா அக்கா கட இருக்குல்லா," அண்ணாச்சி கை காட்டுனாரு.

இருக்கு. எனிக்கும் தெரியும். தெரியாம இருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஒடஞ்ச கன்டெய்னரோட ஒரு பக்கத் தகடு, அதுக்கு மேல நீலத் தார்பாலு. டீ, வட, பொற பிஸ்கோத்து, சுண்டலு, தண்ணி பாக்கெட்டு, போன் சார்ஜு. ஒரு பலகையில வரிசையா வாடகைக்கு ஷூ. ஷூ மறந்தவன், பிஞ்சி போனவன், வாங்கவே இல்லாதவன், அல்லாரும் அக்காகிட்டதான். சட்டம் ஈசி. உன் செருப்ப வெச்சிட்டு ஷூவ மாட்டிகினு போ, உள்ள போயிட்டு திரும்பி வரப்போ ஷூவ வெச்சிட்டு செருப்ப எட்த்துக்கோ. மணியும் அக்காதான் சொல்லும். கேட்டாண்ட டீ விக்கற அதோட தம்பி போன்ல சொல்லுவான், இது இங்க கணக்கு போட்டு கத்தும்: "இன்னும் ரெண்டு டீக்கு நவுராது! குந்துங்க!" டீயாலதான் அங்க நேரத்த அளப்பாங்க. இது வரிக்கும் தப்புனதில்ல.

சின்னக் கடன்னா பாசம், பெரிய கடன்னா மோசம்னு நான் பீலா வுட வரல. அக்கா கட டீயில சீவலு மாதிரி டீத்தூளு மெதக்கும். பொற, கடிச்சா பல்லு பேசும். அக்கா வாயத் தொறந்தா ராயபுரம் மாதா கோயில் மணி கூட வெக்கப்பட்டு நின்னுடும். ஆனா அந்தக் கடைல எனிக்குன்னு தனியா ஒரு பிரச்சன. அக்காவுக்கு என்னிய ஞாபகம் கீது.

கிளீனரா இருந்தப்போ நான் அந்தக் கடைய வுட்டு வெக்கல. மியூசியம்னு பேரு வெச்சேன். ஓரத்துல ஒரு பத்தாம் நம்பர் ஷூ இருக்கும். "அதுக்குள்ள நண்டு குடித்தனம் பண்ணுது, ரேஷன் கார்டு கூட கீது"ன்னு சொல்லுவேன். ஒரு வாட்டி வெளியூரு டிரைவருங்க நாலு பேரு ஷூ எடுக்க நின்னானுங்க. நான் பின்னால நின்னுகினு, "யண்ணா, போன வாரம் இத்தப் போட்டவனுக்கு ரெண்டு வெரல எட்த்துட்டாங்களாம்"னு சீரியஸா சொன்னேன். நாலு பேரும் ஜகா வாங்கிட்டானுங்க. வரிசையே சிரிச்சிது. அக்கா மட்டும் சிரிக்கல. வடைச் சட்டிக் கரண்டியோட என்னிய ஒரு பார்வ பாத்துச்சு. அந்தப் பார்வ இன்னும் ஆறல.

போனேன். சூட்டுல நண்டு நடக்கறா மாதிரி தத்தித் தத்தி.

"யக்கா..."

"வாடா, வாயி." நிமிந்து கூட பாக்கல. "இன்னா, காலு ரெண்டும் கீதா? வெரலு அல்லாம் பத்திரமா?"

"யக்கா, ஒரு ஷூ வோணும்."

டீ ஆத்துறத நிறுத்திடுச்சு. என் காலப் பாத்துச்சு, மூஞ்சியப் பாத்துச்சு. "நண்டு வூட்ல கீதே நைனா. கேட்டுட்டு சொல்றேன்."

"யக்கா, டிரைவராயிட்டேன். மொத லோடு. நாலு மணிக்குள்ள உள்ள போகலன்னா மொதலாளி சாவிய புடுங்கிடுவாரு. மறுபடியும் கிளீனரு."

"கிளீனராவே இரேன். எனிக்கு இன்னா நஷ்டம்? இங்க நின்னு இன்னும் நாலு பேர தொரத்து."

அங்க டீ குடிச்சிகினு இருந்த ரெண்டு பேரு கிளாஸ கீழ வெச்சிட்டு வேடிக்க பாக்க ஆரம்பிச்சிட்டானுங்க. நான் எம்மாம் பேர அப்டி நிக்க வெச்சி கலாய்ச்சி கீறேன். இன்னிக்கு என் டர்னு. தலயக் குனிஞ்சிகினேன்.

அக்கா டீய ஊத்தி ஒருத்தன்கிட்ட குடுத்துச்சு. அப்பால கரண்டிய என் பக்கம் நீட்டுச்சு. "அன்னிக்கு நாலு பேர வாயாலதான தொரத்துன? அதே வாயால நாலு பேர இட்டுகினு வா. அப்பால உன் காலப் பத்திப் பேசலாம்."

"வரிசை எப்ப நவுரும்க்கா?"

"ரெண்டு டீ."

ரெண்டு டீல நாலு பேரு. ஓடுனேன். ஓட்டம்னு சொல்றது தப்பு, டான்ஸு. வண்டி நெழலுக்கு வண்டி நெழலு தாவி, ஒவ்வொரு கேபினா எட்டிப் பாத்தேன். மேல குந்திகினு கீறவன் மூஞ்சிய எவன் பாத்தான்? காலத்தான் பாத்தேன். ஊர்ல கீற அல்லாரு காலையும் அன்னிக்கு நான் பாத்துட்டேன்.

மொதல்ல ஒரு நெல்லூரு டிரைவரு. ஹவாய் செருப்பு. எனிக்குத் தெலுங்கு அரைகொறைக்கும் கம்மி. "அன்னா, ஷூ லேதா? கேட்டுல ரானிவ்வரு, உள்ள வுட மாட்டான். அக்கட அக்கா கீது, மஞ்சி ஷூ, இரும்பு ஷூ"ன்னு காலத் தட்டிக் காட்டுனேன். அவரு என் வெறுங்காலப் பாத்தாரு. "நீக்கு?"ன்னாரு, உனிக்கான்னு கேக்கறாரு. "எனிக்குத்தான் அன்னா, நீ வந்தாத்தான் எனிக்கு"ன்னேன். இன்னா புரிஞ்சிதோ, எறங்கிட்டாரு.

ரெண்டாவது, வெள்ள வெளேர்னு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட ஒரு சின்னப் பையன் டிரைவரு. வீடியோ கால்ல ஆளு யாருகிட்டயோ கொஞ்சிகினு கீறான். நான் கண்ணாடியத் தட்டுனேன். "தோஸ்து, கல்யாண ஷூ சோக்கா கீது. ஆனா முன்னால இரும்பு இல்ல. கேட்டுல நிறுத்திடுவான், போன்ல கீறவங்க முன்னால மானம் பூடும்." போன்ல கீற பொண்ணு கேட்டுட்டு, "போய் மாத்திகினு வாயேன்"னு சொல்லிச்சு. அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்.

அண்ணாச்சியாண்ட வந்தேன். அவரு ஷூ போட்டுதான் இருந்தாரு. ஆனா வலது ஷூவோட அடி, முன்னால பிரிஞ்சி தொங்குது.

"அண்ணாச்சி, உன் ஷூ வாயத் தொறந்துகினு கீது."

"கெடக்கட்டும்லே."

"கேட்டுல போய் அதுவே எல்லாத்தையும் சொல்லிடும். அக்கா கடைல வாயில்லாத ஷூ கீது."

"உனக்கு இப்ப எம்புட்டு கமிஷன்லே?"

"என் வேலையே கமிஷன் அண்ணாச்சி."

குனிஞ்சி என் காலப் பாத்தாரு. சாவிய உருவிகினு எறங்குனாரு. "உன் வாய்க்காண்டி வரல. உன் காலப் பாத்தா பாவமா இருக்கு, அதுக்காண்டி வாரேன்."

மூணு. நாலாவது ஆளத் தேடறதுக்குள்ள முன்னால ஹார்ன் சத்தம். ரெண்டு டீ முடிஞ்சி போச்சு. அக்கா கணக்கு தப்பாது. ஓடிப் போய் ஏறி, ஒரு வண்டி நீளம் நவுத்திட்டு, திரும்பி ஓடியாந்தேன். பாதத்துல முத்து முத்தா கொப்புளம்.

"மூணு பேருதான் வந்தானுங்க," அக்கா சொல்லிச்சு. "நாலாவது எங்க?"

"நாலாவது நான்தான் யக்கா. நானே என்னிய இட்டாந்துட்டேன்."

வேடிக்க பாத்துகினு இருந்தவன் ஒருத்தன் கைதட்டிட்டான். அக்கா மூஞ்சி ஒரு செகண்டு கோணலா போச்சு. சிரிப்ப முயுங்கினா அப்டித்தான் இருக்கும். கைய நீட்டி பலகையக் காட்டுச்சு. "எட்த்துக்கோ."

பலகையப் பாத்தேன். காலைலயே போனது போக மிச்சமிருந்த நல்ல ஜோடி மூணையும் நானே கூவி கூவி வித்துட்டேன். ஒரே ஒரு ஜோடி கீது. பத்தாம் நம்பரு. என் காலு எட்டு. நம்ம நண்டு பங்களா.

"யக்கா, இது..."

"மோந்து பாத்துட்டு சொல்லு. சத்தமா சொல்லு. அன்னிக்கு சத்தமாத்தான சொன்ன?"

மோந்தேன். வெயில்ல காஞ்ச பினாயில் வாசன. அக்கா தெனம் கயுவுது போல. உள்ள எட்டிப் பாத்தேன், சுத்தமாத்தான் இருந்துச்சு. எனிக்கே வெக்கமா பூட்ச்சு.

"நல்லாத்தான் கீதுக்கா," கத்துனேன். "நண்டு காலி பண்ணிட்டு பூட்ச்சு!"

"வாயி மட்டும் அடங்கல பாரு," அக்கா சொல்லிகினே பழைய பேப்பர கசக்கி ஷூவுக்குள்ள திணிச்சிது. இடது ஷூவுல அடி கொஞ்சம் வுட்டிருந்துச்சு. சணலு எட்த்து, மேல ரெண்டு சுத்து, கீழ ரெண்டு சுத்து, பார்சலு கட்றா மாதிரி இஸ்து கட்டிச்சு. அப்பால கேட்டுச்சு: "செருப்ப வெச்சாத்தான் ஷூ. நீ இன்னா வெச்சிட்டுப் போவ?"

தலவாணி, டிபன் பாக்ஸ், துண்டு, அல்லாம் சொல்லிப் பாத்தேன். தலய ஆட்டிகினே இருந்துச்சு.

"ஒண்ணியும் வாணாம். உங்க அம்மா மார்க்கெட்ல எந்த மூலையில பூ விக்கிதுன்னு எனிக்குத் தெரியும். ஷூ வரலன்னா நேரா அங்க போவேன். ஷூவப் பத்தி மட்டும் பேச மாட்டேன். ஆறு வருஷமா உன் வாயிலேர்ந்து வந்தது அல்லாத்தையும் பேசுவேன்."

அந்த ஏசி கடைல என் போன் நம்பரு கீது. பாயிண்டு கூட ஏறி இருக்கும். ஆனா எங்க அம்மா எங்க குந்திகினு கீதுன்னு அவனுக்குத் தெரியுமா? ஷூவ அப்பவே கும்புட்டு மாட்டிகினேன்.

மதியத்துக்கு மேல வரிசை மளமளன்னு நவுந்து, மூணே முக்காலுக்கு கேட்டு கண்ணுக்குத் தெரிஞ்சிது. எனிக்கு முன்னால ரெண்டு வண்டி. அப்பால ஒண்ணு. அப்பால நானு. செக்யூரிட்டி லைசென்ஸப் பாத்தாரு, பேப்பரப் பாத்தாரு, கம்ப ஆட்டுனாரு. "எறங்கு."

எறங்குனேன். கீழ பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு.

"இன்னா இது? பார்சலா?"

"ஷூ சார்."

"சணலு கட்டி கீது?"

"ஆமா சார்."

"வண்டிய ஓரங்கட்டு. போயி ஒய்ங்கா ஷூ போட்டுகினு வா."

மணிய பாத்தேன். நாலுக்கு பத்து நிமிஷம். ஓரங்கட்டுனா முடிஞ்சிது. கிளீனர் துணி கண்ணு முன்னால ஆடுது. பின்னால அண்ணாச்சி ஹார்ன அமுக்கறாரு. எந்தக் கேள்விக்கும் எதுனா ஒண்ணு ரெடியா வெச்சிகீற வாயி இது. கைய கட்டிகினு நின்னேன். "மொத லோடு சார்," அது மட்டும்தான் வந்துச்சு.

அவரு குனிஞ்சாரு. கம்பால என் இடது கால் ஷூ நுனியில ஒரு போடு போட்டாரு. டங்!

வலது கால்ல ஒண்ணு. டங்!

"உள்ள இரும்பு முயுசா கீது," கூண்டுக்குள்ள குந்திகினு கீறவருக்குச் சொன்னாரு. உள்ளேர்ந்து கேட்டாரு அவரு: "அக்கா கட ஷூவா?"

"அக்கா கடதான். கட்டு அப்டித்தான் இருக்கும்."

"அப்ப வுடு."

கேட்டு கம்பி மேல போச்சு.

யார்டுல கிரேனுக்குக் கீழ வண்டிய நிறுத்துனேன். போன் அடிச்சிது. மொதலாளி.

"எத்தினி மணிக்கு உள்ள போன?"

"மூணு அம்பத்தி ரெண்டு மொதலாளி."

"வயில ஏதாச்சும் பிரச்சனயா?"

"ஒண்ணியும் இல்ல மொதலாளி. சோக்கா வந்தேன்."

அப்பால, "சரி. சாவிய நீயே வெச்சிக்கோ. நாளைக்கும் அதே பேக்டரி."

கிரேன் பொட்டியப் புடிச்சி தூக்குச்சு. லோடு போனதும் டிரெய்லர் ஒரு சாண் மேல எயும்பும். ஆறு வருஷமா அத்த கீழ நின்னுகினுதான் பாத்தேன். மொத வாட்டி ஸ்டியரிங்கப் புடிச்சிகினு, என் சீட்டோட, என் குண்டியோட சேத்து எயும்புனேன்.